மேல்காற்று ஓய்வதற்குள்: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கான மழைக்கால முன்னேற்பாடு

ஆவணியில் தொடங்கி ஐப்பசி நடுப்பகுதி வரை கடலூரிலும் புதுச்சேரியிலும் வானிலை ஒரு நிலையில் நிற்பதில்லை. பகலில் சித்திரைக்குக் குறையாத வெயில். இரவு ஒன்பது மணிக்கு மேற்கே இடி முழங்கி, ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கிறது. மறுநாள் காலையில் வானம் ஒன்றும் நடக்காததுபோல் வெளுத்துக் கிடக்கிறது. 'புரட்டாசியில் பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும்' என்ற பழமொழி இந்தக் கடற்கரைக்கு அப்படியே பொருந்தும்.

பலரும் இந்த நாட்களைப் புழுக்கத்தைத் திட்டியே கழித்துவிடுகிறார்கள். தீபாவளி நெருக்கத்தில் அடைமழை பிடித்துக்கொண்ட பிறகுதான் கொத்தனாரைத் தேடி ஓடுகிறார்கள். அப்போது கொத்தனாரும் கிடைக்கமாட்டார், கிடைத்தாலும் ஈரத் தளத்தில் அவரால் எதுவும் செய்ய முடியாது. பருவமழைக்கான வேலை அத்தனையும் மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும் நாட்களிலேயே முடிந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புரட்டாசியின் இடிமழை ஒவ்வொன்றும் ஐப்பசிக்கான ஒத்திகை. வீட்டில் எந்த இடம் தாங்காது என்பதை அது முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடுகிறது, சரிசெய்ய நாட்களையும் மிச்சம் வைக்கிறது.

முதல் படி: இரண்டு மழையையும் பிரித்தறியுங்கள்

சூரியன் நம் தலைக்கு நேர்மேலே ஆண்டில் இருமுறை வருகிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு முறை, ஆகஸ்ட் 20-ஐ ஒட்டி மறுமுறை. ஆவணி தொடக்கத்தில் நண்பகலில் விளக்குக் கம்பத்தின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடுவதை நீங்களே பார்க்கலாம். அந்த வெயிலோடு, தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தை இறக்கிவிட்டு, வறண்ட மேல்காற்றாக நம் பக்கம் வருகிறது. ஆகஸ்ட், செப்டம்பர் வெக்கைக்கு இவை இரண்டுமே காரணம்.

பிற்பகலில் கடற்காற்று உள்ளே நுழைந்து இந்த மேல்காற்றோடு மோதும்போது சூடான, ஈரமான காற்று மேலெழுந்து இடிமேகமாகிறது. இது வெப்பச்சலன மழை. மேற்கிலிருந்து வரும், மாலையிலோ இரவிலோ பெய்யும், ஓர் ஊரை நனைத்துப் பக்கத்து ஊரை விட்டுவிடும். நெல்லிக்குப்பத்தில் தெரு ஓடும் அளவுக்குப் பெய்த இரவில் கடலூர் முதுநகரில் தூறல்கூட இல்லாமல் போவது இதனால்தான்.

வடகிழக்குப் பருவமழையின் குணம் வேறு. அது கடலிலிருந்து வரும். கரையோரத்தில் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகும் விடியலிலும் வலுக்கும். சற்று வெயில், மீண்டும் ஒரு பாட்டம் என்று நாள் முழுக்க நீளும். வானிலை ஆய்வுத் துறையின் கணக்குப்படி தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் 17-ஐ ஒட்டி ராஜஸ்தானிலிருந்து விலகத் தொடங்கி, அக்டோபர் 15 அளவில் நாடு முழுவதிலிருந்தும் விடைபெறுகிறது. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் அக்டோபர் 20. சில ஆண்டுகளில் ஒரு வாரம் முன்னே, சில ஆண்டுகளில் பத்து நாள் பின்னே. நம் பகுதியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அதற்குப் பிந்தைய இரண்டரை மாதத்தில்தான் கிடைக்கிறது.

ஆகவே அக்டோபர் 10-ஐ உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கூரை, வடிகால், மரம், கிணறு நான்கும் தயாராகிவிட வேண்டும்.

இரண்டாம் படி: அன்றாட வானத்தைப் படியுங்கள்

வெளிவேலைக்கு நாள் குறிப்பதற்கு இது தெரிந்தாக வேண்டும். காலை பதினொரு மணிக்குப் பஞ்சுப் பொதிகள் தலைகாட்டுவது இயல்பு, அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். கடற்காற்று எப்போது வருகிறது என்று கவனியுங்கள். அது தாமதமாகும் நாள் கடுமையாகக் காயும். மூன்று, நான்கு மணிக்கு மேல் விழுப்புரம், திருக்கோவிலூர், கல்வராயன் மலைத் திசையில் பாருங்கள். காலிஃபிளவரைப் போல விளிம்பு தெளிந்து உயரும் மேகம் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதன் தலை தட்டையாகிப் புகைபோல் விரியத் தொடங்கினால் அது முழு இடிமேகமாகிவிட்டது. அதற்குப் பிறகு சென்னை, காரைக்கால் ரேடார் படங்களை வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் அரை மணிக்கு ஒருமுறை பார்த்தால், மழைப்பட்டை கிழக்கே நகர்கிறதா, வழியிலேயே கரைகிறதா என்பது தெரியும். நாம் இரண்டு ரேடாருக்கும் நடுவே இருப்பதால் இரண்டையும் பார்ப்பது நல்லது.

மழைக்குச் சற்று முன்னால் புழுதியோடு குளிர்காற்று ஒரு முறை அறையும். மாடியில் துணி, கொல்லையில் காயும் மிளகாய், திறந்த சன்னல் எல்லாவற்றுக்கும் அதுதான் கடைசி அழைப்பு.

பருவம் மாறிவிட்டதா என்பதை அறிய, விடியற்காலைக் காற்றை நம்பாதீர்கள். கரையோரத்தில் அந்த நேரத்தில் நிலக்காற்று மேற்கிலிருந்துதான் வீசும்; கோயில் கொடி அதையே காட்டும். தாழ்வாக ஓடும் மேகங்களைப் பாருங்கள். அவை தொடர்ந்து சில நாட்கள் கிழக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ ஓடிவந்தால் கொண்டல், அதாவது கீழ்க்காற்று, திரும்பிவிட்டது. கூரை வேலை பாக்கியிருந்தால் இனிமேல் தற்காலிக ஏற்பாடுதான்.

மூன்றாம் படி: மின்னலுக்கு ஒதுங்குங்கள்

வடகிழக்குப் பருவமழையைவிடப் புரட்டாசி இடிமழையில்தான் மின்னல் அதிகம். வயலிலும் முந்திரிக்காட்டிலும் வேலை செய்கிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது வினாடிக்குள் இடி கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். அடுத்த மின்னல் உங்கள் மேலேயே விழலாம், உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்தே வெளியே வர வேண்டும். பனைமரமும் ஒற்றைப் புளியமரமும் ஒதுங்கும் இடம் அல்ல. மோட்டார் கொட்டகையில் நின்றாலும் கம்பி, குழாய் எதையும் தொடக் கூடாது. வீட்டில் தொலைக்காட்சியின் பிளக்கைப் பிடுங்குவதை இடி நெருங்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

நான்காம் படி: மொட்டை மாடி

இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

முதல் நல்ல இடிமழை பெய்த மறுநாள் காலை ஆறு மணிக்கே ஒரு சாக்பீஸோடு மாடி ஏறுங்கள். எட்டு மணிக்குப் போனால் வெயில் பாதித் தடயத்தை அழித்திருக்கும். தண்ணீர் தேங்கிய இடங்களைச் சுற்றிக் கோடு போடுங்கள். குழாய் வாயைப் பாருங்கள். வேப்பிலைச் சருகும் மண்ணும் சேர்ந்து வட்டமாகப் படிந்திருந்தால், தண்ணீர் அங்கே நின்று மெதுவாக வடிந்திருக்கிறது. பிறகு கீழே வந்து, கோடு போட்ட ஒவ்வோர் இடத்துக்கும் நேர்கீழே உள்ள உட்கூரையைக் கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் உள்ளங்கைக்குத் தெரியும். சுண்ணாம்பு உப்பியிருக்கிறதா, வெள்ளை உப்புப் பூத்திருக்கிறதா, மின்விசிறிக் கொக்கியைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழுந்திருக்கிறதா? இவற்றைக் குறித்துக்கொண்டு இரண்டாவது மழைக்கும் இதையே செய்யுங்கள். இரண்டு முறையும் ஒரே இடத்தில் ஈரம் தென்பட்டால் அதுதான் பழுது.

தண்ணீர் எந்த அளவு என்று தெரிந்தால் இந்த அக்கறையின் காரணம் புரியும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி சுமார் 93 சதுர மீட்டர். அதில் 10 செ.மீ. மழை என்பது 9,300 லிட்டர். குழாய் வாய் அடைத்திருந்தால், கைப்பிடிச் சுவருக்குள் ஒன்பது டன்னுக்கு மேல் எடை உங்கள் தலைக்கு மேல் நிற்கும். இவ்வளவு பெரிய மாடிக்கு ஒரே ஒரு வடிகுழாய் இருந்தால், இந்த ஆண்டே இன்னொன்று போட்டுவிடுங்கள். மலிவான வேலை, ஒன்று அடைத்தாலும் மற்றொன்று காப்பாற்றும். குழாய் வாய்க்கு வலை மூடி அவசியம். ஆனால் தட்டையான சல்லடை வேண்டாம். ஒற்றை இலை படுத்தாலே அது மூடிக்கொள்ளும். குவிந்த கூண்டு வடிவ மூடியே சரி.

வாட்டம் சரியில்லாத தளத்தில் எத்தனை பூச்சு அடித்தாலும் பயன் குறைவு. பத்து அடிக்கு ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் சரிவு குழாயை நோக்கி இருக்க வேண்டும். தேங்கும் பள்ளம் சிறிதாக இருந்தால் அங்கே மட்டும் கலவை போட்டு மேடாக்கலாம். மாடி முழுக்கத் தேங்கினால் தட்டோட்டைப் பெயர்த்துப் புதிதாகப் பதிக்கும் வேலை. அதை ஆவணியில் தொடங்க முடியாவிட்டால் பங்குனிக்குத் தள்ளிவையுங்கள். மழைக்கு நடுவே பெயர்த்துப் போட்ட தளம் வீட்டையே ஊறவைத்துவிடும்.

வெடிப்புகளில் தலைமுடி போன்றவற்றையும் அகன்றவற்றையும் ஒன்றாகப் பாவிக்காதீர்கள். மெல்லியது பூச்சிலேயே மூடிவிடும். அகன்றதை உளியால் கீறி விரித்து, தூசு போகத் துடைத்து, வெடிப்பு நிரப்பும் பசையை உள்வரை அழுத்தித் தேய்க்க வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலைதான் பெரும்பாலான கசிவுகளின் பிறப்பிடம். அந்த மூலையை உருட்டிப் பூசச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டியின் தூண்கள், டிஷ் ஆண்டெனாவுக்கு அடித்த போல்ட், சோலார் பலகைக்குத் துளைத்த ஓட்டை ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

நீர்த்தடுப்புப் பூச்சுக்கு முன் தளம் காய்ந்துவிட்டதா என்று அறிய எளிய வழி உண்டு. ஓர் அடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அதன்மேல் அடித்தால் பூச்சு கொப்புளித்து உரியும். ஆள் வந்துவிட்டார் என்பதற்காக இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். காய்ந்த பிறகு முதல் கை நீளவாக்கில், இரண்டாவது கை குறுக்குவாக்கில். இடைவெளியை டப்பாவில் போட்டிருக்கும்படி விடுங்கள். மாலை இடிமழைக் காலமாதலால் அதிகாலையிலேயே தொடங்கி நண்பகலுக்குள் அன்றைய கையை முடித்துவிடுவது பாதுகாப்பு.

புதுச்சேரியின் பழைய தெருக்களில் மெட்ராஸ் டெரஸ் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மரச்சட்டத்தின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பால் கட்டிய தளம் அது. ஈரத்தை உறிஞ்சவும் வெளிவிடவும் செய்யும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, மரச்சட்டம் உளுக்கத் தொடங்கும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான் மருந்து. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். பாரம்பரியக் கட்டடங்களைப் புதுப்பிக்கும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிப் பிரிவிடம் ஆலோசனை கேட்கலாம்.

ஓட்டு வீட்டில் உடைந்த ஓடுகளை மாற்றுவதோடு முகட்டு ஓட்டின் பூச்சையும் பாருங்கள். குரங்கும் பூனையும் நடக்கும் இடம் அதுதான். கீற்றுக் கூரை என்றால் ஆவணிக்குள் வேய்ந்துவிடுங்கள். ஷீட் கூரையில் போல்ட்டுக்கு அடியிலுள்ள ரப்பர் வளையம் வெயிலில் வெடித்திருக்கும், மாற்றச் சில நூறு ரூபாய்கூட ஆகாது.

ஐந்தாம் படி: மழைநீரை வாங்கி வைக்க

2003-இல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அப்போது போட்ட குழாய்கள் பல வீடுகளில் இன்று மண்ணடைத்துக் கிடக்கின்றன. கடலோரத்தில் இது பெரிய இழப்பு. நிலத்தடியில் நல்ல நீர் குறையக் குறையக் கடல்நீர் உள்ளே ஏறும். ஒருமுறை உப்பேறிய கிணற்றை மீட்கப் பல ஆண்டு மழை வேண்டும். வடிகட்டும் தொட்டியின் மணலையும் ஜல்லியையும் வெளியே எடுத்துக் கழுவிக் காயவைத்து மீண்டும் நிரப்புங்கள். புரட்டாசி மழையில் வரும் முதல் தண்ணீரைத் தெருவுக்கு விட்டுவிடுங்கள். ஆறு மாதத் தூசியும் காக்கை எச்சமும் அதில் போய்விடும். அதன்பின் வரும் ஐப்பசி மழை முழுவதும் கிணற்றுக்கு.

ஆறாம் படி: மரங்கள்

2011 டிசம்பர் 30-ஆம் நாள் விடியலில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், பண்ருட்டி வட்டாரத்தில் தலைமுறைகளாக நின்ற பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. அந்தக் காலையைப் பார்த்தவர்கள் யாரும் மரத்தை அப்படியே விட்டுவைக்க மாட்டார்கள். ஆனால் வெட்டிவிடுவதும் தீர்வல்ல. உள்பக்கக் கிளைகளைக் கழித்துக் காற்று ஊடுருவ வழிசெய்தால் மரம் தாங்கும். ஒரே பக்கம் கனத்தால் அந்தப் பக்கத்தைக் குறையுங்கள். வீட்டின்மேல் சாய்ந்த தென்னையில் காய்ந்த மட்டையும் முற்றிய காயும் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

முருங்கை எளிதில் முறியும். இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிட்டு, வெட்டுவாயில் சாணியை அப்புங்கள். மழைக்குப் பின் தழைத்து வரும். வெட்டாமல் விட்டால் மழை நாட்களில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் அடையடையாக மொய்க்கும் தொல்லையும் சேரும். மின்கம்பியை உரசும் கிளையை நீங்கள் தொடாதீர்கள், மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே வெட்ட வேண்டும்.

ஏழாம் படி: உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் இருப்பதுதான் இப்பகுதியில் பெரிய ஆபத்து. தெருவில் பெய்யும் மழையால் வரும் வெள்ளம் ஒரு வகை. எங்கோ பெய்த மழை ஆற்றில் வருவது இன்னொரு வகை. கடல் வாங்கிக்கொள்ளாததால் நிற்பது மூன்றாவது.

முதல் வகைக்குப் புதுச்சேரியில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகள் எடுத்துக்காட்டு. இங்கே தெருவின் சாக்கடை எந்த வாய்க்காலில் சேர்கிறது, அது எங்கே குறுகுகிறது என்று செப்டம்பரிலேயே நடந்துபோய்ப் பாருங்கள். அடைப்பைப் படமெடுத்துத் தெருவாசிகள் பலர் கையெழுத்தோடு உள்ளாட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தால் தூர்வாரும் பட்டியலில் இடம் பிடிக்க வாய்ப்பு அதிகம். நவம்பரில் கொடுக்கும் மனுவால் எந்தப் பயனும் இல்லை.

இரண்டாம் வகையைக் கடலூர்க்காரர்கள் 2024 டிசம்பர் தொடக்கத்தில் நேரில் கண்டார்கள். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அங்கேயே நகராமல் நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.-க்கு மேல் கொட்டியது. நகரவாசிகள் தங்கள் தெருத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேலே திருவண்ணாமலை மாவட்டத்தில் பெய்த மழையால் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலையில் வினாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிடப்பட்டது. அந்தத் தண்ணீர் தென்பெண்ணை வழியே குண்டு உப்பலவாடி முதலிய முகத்துவார ஊர்களுக்கு வந்து சேர்ந்தபோது உள்ளூரில் மழை குறைந்திருந்தது. மழை விட்டுவிட்டது என்று பரணிலிருந்து பொருட்களைக் கீழே இறக்கும் நேரத்தில் ஆறு வந்துவிடும்.

எனவே நீங்கள் எந்த ஆற்றங்கரையில் இருந்தாலும் அதன் மேல்மடையைத் தெரிந்துவையுங்கள். தென்பெண்ணைக்குக் கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகள். சாத்தனூரின் முழு உயரம் 119 அடி. காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கத்தில் வீராணம் 47.5 அடியை நெருங்குகிறதா என்பதும், மேட்டூரிலிருந்து கொள்ளிடத்துக்கு எவ்வளவு திறக்கிறார்கள் என்பதும் முக்கியம். குறிஞ்சிப்பாடி வட்டாரத்துக்குப் பரவனாறும் பெருமாள் ஏரியும். புதுச்சேரியின் மேற்குப் புறத்துக்குச் சங்கராபரணியும் ஊசுட்டேரியும், தெற்கே பாகூர் ஏரியும். நாளிதழில் வரும் அணை நீர்மட்டப் பட்டியலை அக்டோபர் முதல் தினமும் பாருங்கள். அணை ஏற்கெனவே நிறைந்து நிற்கும்போது வரும் புயல்தான் வெள்ளமாகிறது.

மூன்றாவது வகை அமாவாசை, பௌர்ணமி நாட்களுக்கு உரியது. கடலின் ஓதம் (அலையேற்றம்) உயரும் நேரத்தில் முகத்துவாரம் ஆற்றுநீரை வாங்காது. உப்பனாறும் கெடிலமும் பின்வாங்கி ஏறும். மழை எச்சரிக்கையும் நிறைமதியும் ஒன்றாக வரும் வாரத்தில் முகத்துவாரத்தை ஒட்டிய வீடுகள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

2015 நவம்பரிலும் 2024-லும் உங்கள் தெருவில் தண்ணீர் எங்கே வரை ஏறியது என்று அண்டை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, சுவரில் ஒரு கோடு போடுங்கள். இன்வெர்ட்டர், மோட்டார் சுவிட்ச், அரிசி டிரம், பத்திரப் பெட்டி எல்லாம் அந்தக் கோட்டுக்கு ஓர் அடி மேலே இருக்க வேண்டும்.

எட்டாம் படி: வெயில் இருக்கும்போதே

புரட்டாசி வெயிலை வீணாக்காதீர்கள். மூன்று மாதத்துக்கான மிளகாய், மல்லி, புளி, பருப்பு எல்லாவற்றையும் இப்போதே உலர்த்திவிடுங்கள். மிளகாயைக் காதருகே குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று ஒலிக்க வேண்டும், காம்பைக் கிள்ளினால் டக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு வெயில் தேவை. இந்தப் பக்குவத்தில் அரைத்த குழம்புத்தூள் தை வரை கட்டிபிடிக்காது. காயவைத்ததைச் சூட்டோடு டப்பாவில் அடைக்க வேண்டாம். உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். மெத்தை, கம்பளி, பட்டுப்புடவை, புத்தக அலமாரி ஆகியவற்றுக்கும் ஒருமுறை காற்றோட்டம் காட்டுங்கள். பட்டுப்புடவையை மட்டும் நிழலில்.

ஒன்பதாம் படி: காய்ச்சல் காலம்

வெயிலும் மழையும் மாறிமாறி வரும் இந்த இடைவெளிதான் டெங்குக் கொசுவுக்கு உகந்தது. அடைமழையில் கொசுப்புழுக்கள் அடித்துச் செல்லப்படலாம். ஒருநாள் பெய்து ஒரு வாரம் காய்ந்தால் அவை கொசுவாகிப் பறந்துவிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்னாலுள்ள நீர்த்தட்டு, மூடாத சிமெண்ட் தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். காய்ச்சல் வந்தால் மருந்துக்கடையில் தானாக வலிமாத்திரை வாங்காதீர்கள். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்றவை டெங்குவில் இரத்தக்கசிவை உண்டாக்கும். பாரசிட்டமாலும் நிறையத் தண்ணீரும் கொடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலியோ விடாத வாந்தியோ வந்தால் அது மேலும் அவசரம். நிலவேம்பு, தூதுவளை ரசம் எல்லாம் துணைக்குத்தான்.

பத்தாம் படி: புயல் அறிவிப்பைச் சரியாகப் படிக்க

மழை அளவுக்கு: 7 முதல் 11 செ.மீ. கனமழை, 12 முதல் 20 மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் வரும். செய்தியில் சொல்லும் அளவு காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரையிலான கணக்கு.

காற்றுக்கு: மணிக்கு 31 கி.மீ. தொட்டால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 62 தொட்டால் புயல், 89 தொட்டால் தீவிரப் புயல், 118 தொட்டால் மிகத் தீவிரப் புயல். இந்தப் பெயர்கள் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்கின்றன. தானே மிகத் தீவிரப் புயலாக வந்து காற்றால் அழித்தது. ஃபெஞ்சல் சாதாரணப் புயல் வகையிலேயே இருந்து தண்ணீரால் அழித்தது. 'வெறும் புயல்தான், தீவிரமில்லை' என்ற செய்தியைக் கேட்டு யாரும் நிம்மதியடைய வேண்டாம். அது எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பாருங்கள். மெதுவாக நகரும் புயல்தான் ஒரே இடத்தில் கொட்டும்.

கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில் ஏற்றும் கூண்டுகளில் 1, 2 எண்கள் தொலைவில் ஒன்று உருவாகியிருப்பதைச் சொல்வன. 3, 4 உள்ளூருக்கான எச்சரிக்கை. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். இவற்றில் 7-உம் 10-உம் புயல் துறைமுகத்தின் மேலாகவோ மிக அருகிலோ வரும் என்பதைக் குறிக்கும். 11 ஏறினால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

கரையேறும் இடத்தைக் கேட்டதும் அது உங்களுக்குத் தெற்கா வடக்கா என்று பாருங்கள். நம் பகுதியில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுவதால், அது தெற்கே கரையேறினால் நமக்குக் காற்று கடலிலிருந்து அடித்து அலைநீரைக் கரைக்குத் தள்ளும். தேவனாம்பட்டினம், தாழங்குடா போன்ற கரையோர ஊர்கள் காலி செய்ய வேண்டிய நிலை அது. வடக்கே கரையேறினால் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். மழையும் மரமும்தான் கவலை. நேர்மேலே வந்தால் நடுவில் காற்று திடீரென அடங்கும். அது புயலின் கண். அப்போது வெளியே வந்து ஓடு எடுத்துவைக்கப் போகாதீர்கள். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பும்.

புயலுக்கு முந்தைய நாள் மாடித் தொட்டியை முழுக்க நிரப்புங்கள். குடிநீருக்கும், காலித் தொட்டி பறக்காமல் இருப்பதற்கும். கைப்பேசி, பவர் பேங்க், டார்ச் மூன்றையும் சார்ஜ் செய்யுங்கள். ரேஷன் அட்டை, பத்திரம், காப்பீட்டுத் தாள்களை இரட்டைப் பாலித்தீன் உறையில் போட்டு ஒரே பையில் வையுங்கள். தானே அடித்த பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மெழுகுவத்தியும் மண்ணெண்ணெய் விளக்கும் பரணில் இருக்கட்டும். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, ஆம்புலன்சுக்கு 108.

'கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை' என்ற பேச்சை நம்பி மார்கழியில் ஏற்பாடுகளைக் கலைத்துவிடாதீர்கள். தானே புயல் வந்தது மார்கழியில்தான். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வரை குழாய் வாயை வாராவாரம் பாருங்கள், மேலேற்றிய பொருட்கள் மேலேயே இருக்கட்டும். வெள்ளம் புகுந்த கிணற்றை முழுக்க இறைத்து ஊறவிட்டு, ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரை வாளி நீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். குடிப்பதற்கு அதையும் கொதிக்கவைத்த பிறகே.